மதியம் ஒன்றேமுக்காலுக்குக் காலமாகும் மாமனார்

பச்சை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, வேலை பார்க்கிற இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பதினொரு பேர் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற அலுவலகம் அது. படியேறும்போதே வார்னிஷ் வாடை மூக்கைத் துளைக்கும். மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது இவர் வேலை. சரியாக ஓடினால் திரையில் பச்சைக் கோடு விழும், தப்பென்றால் சிவப்பு. "பச்சையா? பச்சையா?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆளாளுக்கு இவரிடம் வந்து கேட்டுக் கேட்டு, கேள்வியே பெயராகிப் போனது. நாற்பத்தாறு வயது. முன்தலையில் நல்ல வெளிச்சம். ஊரில் எல்லார் தப்பையும் எடுத்துச் சொல்லிச் சம்பாதிக்கிற மனிதர் தன் தப்பை மட்டும் எப்படி மூடி வைத்தார் என்பதுதான் இங்கே சேதி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையவே கிடையாது. பெயர் பதிய ஒன்று, ரத்தம் பார்க்க ஒன்று, மருந்துக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, ஆபரேஷனுக்கு நாள் குறிக்க ஒன்று. ஐந்தையும் ஐந்து பேர் ஐந்து காலத்தில் செய்தார்கள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஐந்து ஓரகத்திகள் மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தங்கம். ஒன்றின் காதில் போட்டது மற்றதன் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் வம்பு.

அதைப் பார்ப்பதற்கென்று நிஜ ஆஸ்பத்திரியைப் போலவே ஒரு ஒத்திகை ஆஸ்பத்திரியைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார்கள். பச்சை ஒரு பொய் நோயாளியை உண்டாக்கி அதற்குள் அனுப்புவார். அவரை வாசலில் பதிந்து, ரத்தம் எடுத்து, மருந்து எழுதி, படுக்கை கொடுத்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்து, கடைசியில் சாகடிக்க வேண்டும். சாகடிப்பது ஒன்றும் வக்கிரம் இல்லை. இறந்த சேதி ஐந்து இடத்துக்கும் போகாவிட்டால், போய்ச் சேர்ந்தவரின் போனுக்கு மறுநாள் 'வெறும் வயிற்றோடு வரவும்' என்று செய்தி வரும். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் அது எப்படி இருக்கும்?

இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்வதில்லை. எழுதி வைத்துவிட்டால் தானாக ஓடும். எல்லாரும் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துப் பச்சை அதை முடுக்கி வைத்திருந்தார். ஒன்றரைக்குப் பதிவு, ஒன்றேமுக்காலுக்கு மரணம். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பொய் நோயாளிக்கு மாமனாரின் பெயரை வைத்ததுதான் பச்சை செய்த முதல் கோணல்.

மாமனார் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், கைக்கடிகாரத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. மருமகன் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாமதமாக வந்து நின்றால், "வாங்க மாப்பிள்ளை. ஏழு நிமிஷம்" என்பார். திட்டமாட்டார். அந்த ஏழு நிமிஷம் சாப்பாட்டு மேசை வரைக்கும் கூடவே வரும். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ அவரிடம், "உங்க மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். "இல்லாத நோயாளிக்கு வராத வியாதியைக் குடுத்து, அது சரியாச் சேர்ந்துதான்னு பாக்கறார்" என்றார் மாமனார். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன்கூடக் கரண்டியோடு நின்று சிரித்தான். சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை என்பதுதான் பச்சையைச் சுட்டது.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக நோயாளியை மாற்றினார். மாமனார் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் அச்சு அசலாக ஏறின. வியாதிகளுக்கென்று நீளப் பட்டியல் ஒன்று உண்டு, அதில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். மூலம், குடல்புழு, தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது. கல்யாணப் பந்திக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து பத்தொன்பது மாதம், வேலை நாள் தவறாமல், இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மாமனார் காலமாகியிருப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் பல் குத்திக்கொண்டே கேட்பார்: "என்ன பச்சை, மாமா போயிட்டாரா?"

"போய்ச் சேந்துட்டார். அஞ்சு இடத்துக்கும் சேதி சொல்லியாச்சு."

"நல்ல சாவு."

அதில் ஒரு கெட்ட சுகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போய் "ஏழு நிமிஷம்" கேட்கும்போதெல்லாம் பச்சை உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புது ஏற்பாடு ஒரு திங்கட்கிழமை நிஜமாகவே ஓடத் தொடங்கியது. அன்று காலை, நிஜ ஆஸ்பத்திரியின் கதவு திறக்கிறதா என்று தட்டிப் பார்க்க, எந்த ஆஸ்பத்திரிக்குள் போவது என்று தன் சோதனையில் எழுதியிருந்த முகவரியைப் பச்சை மாற்றினார். திறந்தது. திரும்ப மாற்றுவதற்குள் முதலாளி கேக் வெட்டக் கூப்பிட்டார். கேக் தின்று, போட்டோவுக்கு நின்று, அப்படியே சாப்பிடவும் போய்விட்டார். ஒன்றரை அடித்தது. ஒன்றேமுக்காலும் அடித்தது.

திரும்பி வந்தால் எல்லாம் பச்சை. கடைசி வரியில் மட்டும் புதிதாக ஒரு வாசகம்: 'ஏற்கெனவே உள்ள நபருடன் இணைக்கப்பட்டது.' ஒத்திகை ஆஸ்பத்திரியில் தினம் காலையில் ஈ காக்கை இருக்காது. இணைக்க யார் இருக்கிறார்கள்? மேலே முகவரியைப் பார்த்தார். நிஜ ஆஸ்பத்திரியின் முகவரி அப்படியே இருந்தது.

பெயரைத் திறந்து பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். திறக்கவில்லை. திறந்தால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். முதலாளியோ அந்த நேரம் பார்த்து, "நம்ம பச்சை இல்லேன்னா இன்னிக்கு இந்தக் கேக் இல்லை" என்று பேசிக்கொண்டிருந்தார். பச்சை முகவரியைப் பழையபடி மாற்றினார், திரையில் திறந்திருந்த ஜன்னலை மூடினார், வாயையும் மூடினார். மாமனாருக்கு அந்த ஆஸ்பத்திரியில் பதிவு இருக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பூனை கண்ணை மூடிய கதைதான்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை, மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். டாக்ஸியில் ஏறிப் பாதி வழி போன பிறகு பச்சை மனைவியிடம் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரி?"

"மூணு வாட்டி சொன்னேன். உங்க காதுல ஏறினாத்தானே?" என்று மனைவி ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாள்.

அதன் பிறகு பச்சை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர்தான். முன் சீட்டில் மாமனார், "பத்து நிமிஷம் முன்னாடியே போயிடுவோம்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதிவு கவுன்டரில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா இருந்தார். பின்னால் வரிசையில் இருபது பேர். அந்த அம்மா பெயரைத் தட்டினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தட்டினார்.

"ஐயா, இதே பேர்ல, இதே தேதியில பொறந்தவங்க வேற யாராவது உங்க வீட்ல உண்டா?"

"எங்கம்மா ஒரு தடவைக்கு ஒண்ணுதான் பெத்தாங்க."

"இல்ல… தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. ஆபரேஷன் லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்திருக்கு. நீங்க போன வாரம் திங்கக்கிழமை… தவறிட்டதா இருக்கு."

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம். "எத்தனை மணிக்கு?"

"ஒண்ணே முக்கால்."

"ஒண்ணே முக்காலுக்கு நான் சாப்பிட்டுட்டு இருந்தேனே!"

வரிசை சிரித்தது. அந்த அம்மா, ஆள் இவர்தானா என்று உறுதி பண்ணிக்கொள்ள, திரையில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். கவுன்டர் கண்ணாடிக்கு நடுவில் சின்ன ஓட்டை, அதனால் கத்தித்தான் கேட்க வேண்டும். "மூலம் இருக்குங்களா?" இல்லை. "குடல்புழு?" சீச்சீ. "தூக்கத்துல எழுந்து நடப்பீங்களா?" இல்லை. "படுக்கையில…" அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். காது கேட்கவில்லை என்று மாமனார் திரும்பக் கேட்டதும் உரக்கவே சொல்லவேண்டியதாயிற்று. பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுபத்திரண்டு வயது மனிதரின் காது மடல் சிவந்ததைப் பச்சை அன்றுதான் பார்த்தார்.

"எந்தப் பாவி இதெல்லாம் எழுதினான்?" என்றாள் மனைவி. பச்சை சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பான் மேல் அச்சடித்திருந்த விதிமுறைகளைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் இவர் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இதோ, நம்ம மாப்பிள்ளை. இந்தக் கம்ப்யூட்டர்லதான் இவருக்கு வேலையே. நீங்க பேசுங்க மாப்பிள்ளை, அவங்களுக்குப் புரியாது. நீங்க பாத்துக்குவீங்க."

இருபது வருடத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அது அன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்?

கவுன்டர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, சார்! நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்தீங்க! நல்ல வேளை, நீங்களே வந்தீங்க." இரண்டு மாதத்துக்கு முன் பச்சை அங்கே பயிற்சி கொடுக்கப் போனது உண்மை. அப்போது, "அம்மா, சும்மா சோதனைக்கு உங்க பாஸ்வேர்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்ததும் உண்மை. தனக்கென்று ஒன்று வாங்க நாலு மனு எழுத வேண்டும். அந்தச் சோம்பேறித்தனம். ஒத்திகையோ நிஜமோ, அந்தச் சாவி எல்லாக் கதவுக்கும் பொருந்தியது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பதிவு அதிகாரி வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய ஒல்லியான மனிதர். திரையைப் பார்த்தார், ஒரு பொத்தானைத் தட்டினார். யார் எழுதியது என்பது அங்கே பளிச்சென்று இருந்தது.

"ஏம்மா, இது உங்க பேர்லதானே ஏறியிருக்கு? உயிரோட இருக்கிற ஆளுக்கு மரணம் பதிஞ்சிருக்கீங்க. என்ன நினைச்சுட்டு உக்காந்திருந்தீங்க?"

"நான் இல்லீங்க சார். அன்னிக்கு நான் மதியம் சாப்பிடப் போயிருந்தேன்."

"அப்போ பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா? குடுத்திருந்தா அதுக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தெரியும்ல?"

அந்த அம்மா பச்சையைப் பார்த்தார். அரை வினாடி இருக்கும். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், உதட்டைக் கடித்துக்கொண்டு விசைப்பலகையைப் பார்த்தார். குடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை, குடுத்தேன் என்றும் சொல்லவில்லை. அதிகாரி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "எழுந்திரிங்க. மேலே போய்ப் பேசிக்கலாம்."

பேசாமல் நின்றால் அந்த அம்மாவின் வேலை போகும். பேசினால் மாமனார் முன்னால் இவர் மானம் போகும். இதை எடை போட நல்ல மனிதனுக்கு நேரமே ஆகாது. பச்சைக்கு ஆனது. அந்த அம்மா எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, நாற்காலியை உள்ளே தள்ளி, கதவுக்கு வரும்வரை ஆனது.

"சார், அவங்க இல்லை. நான்தான்."

"என்னது நான்தான்?"

"பாஸ்வேர்டு நான்தான் கேட்டு வாங்கினேன். சோதனைக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். மரணம் பதிஞ்சது என் சோதனை. முகவரியை மாத்தாம விட்டுட்டேன். அன்னிக்கே தெரியும். சொல்லலை."

வரிசையில் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மனைவி, "என்ன உளர்றீங்க?" என்றாள். பச்சை முழுசாகச் சொன்னார். ஒத்திகை ஆஸ்பத்திரி என்றார், பொய் நோயாளி என்றார். கல்யாணப் பந்தியை மட்டும் விட்டுவிட்டார். அது தேவையும் இருக்கவில்லை.

மாமனார் வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு மருமகன் எவ்வளவு தெரிந்தாரோ.

"அப்போ அந்த வியாதியெல்லாம்?"

"பட்டியல்ல இருந்து… நான்தான் மாமா."

"இது எத்தனை நாளா நடக்குது?"

"வேலை நாள்ல மட்டும்தான்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. "நானூத்துப் பன்னண்டு தடவை இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடுவீங்க."

"ஆமாம் மாமா."

"ஞாயித்துக்கிழமைதான் எங்க வீட்டுக்கு வருவீங்க."

கவுன்டர் அம்மா திரும்ப வந்து உட்கார்ந்து, அழாத குரலில், "ஐயா, இதையும் மாத்தணும். கூட இருக்கிற உறவினர்ங்கிற இடத்துல யாருமில்லைன்னு இருக்கு" என்றார்.

மாமனார் திரும்பினார். "அது எதுக்கு மாப்பிள்ளை? செத்தது கூடப் பரவாயில்லை, எல்லாரும் போற இடம். யாருமில்லைன்னு எதுக்குப் போட்டீங்க?"

பச்சைக்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. "யாராவது இருக்காங்கன்னு போட்டா, இன்னொரு பக்கம் நிரப்பச் சொல்லும் மாமா."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மாமனாரைப் பார்க்க, "ஏழு நிமிஷம்" தேவலை என்று இருந்தது.

செத்தவரை எழுப்ப ஒரு படிவம் உண்டு. டாக்டர் கீழே வந்து, "இதோ நிக்கிறாரே, இதுக்கு மேல என்ன அத்தாட்சி?" என்று ஒரு கையெழுத்துப் போட்டார். கடைசி ஆளாக ஆபரேஷன் செய்துவிடலாம் என்றும் சொல்லிப் போனார். பாக்கி, தவறு எப்படி நேர்ந்தது என்று செய்தவரே எழுதித் தர வேண்டும். பச்சை கவுன்டர் ஓரத்தில் குனிந்து எழுதினார். மனைவி படிக்கக் கையை நீட்டியபோது மாமனார் தடுத்தார். "எனக்குக் கண்ணு தெரியாது. அவரே படிக்கட்டும்."

"'என் கவனக்குறைவால் இத்தவறு நேர்ந்தது…'" என்று பச்சை ஆரம்பித்தார்.

"கவனக்குறைவுன்னு எழுதாதீங்க. கவனமாத்தானே தினம் பண்ணீங்க."

பச்சை அடித்தார். அடித்துவிட்டு, 'நான் வேண்டுமென்றே என் மாமனாரின் விவரங்களை வைத்தேன்' என்று எழுதிப் படித்தார். "ம்" என்றார் மாமனார். 'தவறு தெரிந்தும் ஒன்பது நாள் மறைத்தேன்.' "ம்." 'இந்த ஊழியர் மீது குற்றம் இல்லை.' "அதைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க." பஸ் புறப்பட்ட நேரத்தைத் தப்பாக எழுதிய நடத்துநரிடம் பேசுகிற குரல். பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மனைவி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கச்சேரி வீட்டுக்குப் போய்த்தான் இருக்கிறது என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

கவுன்டர் அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், வேலை போகாது என்றார் அதிகாரி. பச்சையின் முதலாளிக்குப் போனில் சேதி போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம், போனைக் காதில் வைக்காத பச்சைக்கும் கேட்டது. இத்தோடு போகும் என்று அவர் நகரப் பார்த்தபோது, வரிசையில் முதலில் நின்ற ஒரு பெரியவர் கண்ணாடி ஓட்டைக்கு நேரே குனிந்தார்.

"ஐயா, எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நான் இருக்கேனா?"

"எனக்கும்" என்றாள் அடுத்தவள். "என் புருஷன் வார்டுல இருக்கார், அவருக்கும்."

ஒரு பொய் நோயாளிதான், வேறு யாருக்கும் ஆபத்தில்லை என்று பச்சை சொல்லிப் பார்த்தார். ஒன்பது நாள் மறைத்தவன் பேச்சை யார் நம்புவார்கள்? அதிகாரி ஒரு நாற்காலியைக் கவுன்டர் அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "உக்காருங்க. கேக்கறவங்க எல்லாருக்கும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க." அந்த அம்மா தன் பாஸ்வேர்டைத் தட்டும்போது பச்சை தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பச்சை பெயர் கேட்டு, தேதி கேட்டு, திரையைப் பார்த்து, "இருக்கீங்க" என்று சொன்னார். சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தர், "நிச்சயமாவா?" என்றார். ஒரு பாட்டியம்மாளுக்குப் பிறந்த தேதி தெரியவில்லை, திரையில் ஒரே பெயரில் ஏழு பேர் வந்தார்கள். ஏழில் அவர் யார் என்று கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. சேதி மற்ற கவுன்டர்களுக்குப் பரவி வரிசை வாசலைத் தாண்டியது. சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. பச்சை எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் மாமனாரை அழைத்துக்கொண்டு மனைவி வந்தாள். ஒரு கண்ணில் கட்டு. "டாக்ஸிக்குச் சொல்லியாச்சுப்பா, வாங்க" என்று அவள் வாசல் பக்கம் திருப்பியதும் மாமனார் கையை விடுவித்துக்கொண்டார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் பதினாலு பேர். "நீங்க முன்னாடி போங்க ஐயா" என்று இரண்டு பேர் வழி விட்டார்கள். அவர் போகவில்லை. பதினாலு பேரும் முடியும்வரை நின்றார். அந்தப் பக்கம் பார்க்காமலே பச்சைக்கு ஒவ்வொரு ஆளும் குறைவது தெரிந்தது.

கடைசியில் ஓட்டைக்கு முன்னால் அவர் முகம் வந்தது.

"சார், என் பேரைப் பாருங்க" என்றார்.

மாப்பிள்ளை என்ற வார்த்தை வரவில்லை. பச்சை இரண்டு முறை தப்பாகத் தட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா பேசாமல் அழித்துக் கொடுத்தார்.

"இருக்கீங்க மாமா."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க. பின்னாடி யாரும் இல்லை, அவசரம் ஒண்ணும் கிடையாது."

பச்சை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.